பதினேழாம் நிலை

அந்த டீச்சரின் கைகள் எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால் என்னால் சரியாகச் சொல்ல முடியாது. நாற்பத்தொரு சனிக்கிழமை அவர் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். அதில் பெரும்பாலான நேரம் அந்தக் கைகள் அவர் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தன. வலது கை இடது மணிக்கட்டைப் பிடித்திருக்கும். அப்படியே பிள்ளைகளின் மேஜைகளுக்கு நடுவே நடப்பார், குனிவார், பார்ப்பார், ஏதாவது கேட்பார். எந்தப் பிள்ளையின் தாளிலும், டேப்லெட் திரையிலும் அவர் விரல் பட்டு நான் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருந்தேன். ஒரே ஒரு தடவை பொறுமை இழந்து ஒரு கோட்டைத் திருத்திவிட்டார் என்றால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

என் வேலை அப்படிப்பட்டது. திருவெறும்பூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையின் வரைபடப் பிரிவில் முப்பத்து நான்கு வருடம் இருந்தவன். அதில் கடைசி இருபத்திரண்டு வருடம் செக்கர். மற்றவர்கள் வரைந்து முடித்ததை நான் சரிபார்க்க வேண்டும். தப்பு இருக்கும் இடத்தைச் சிவப்புப் பென்சிலால் சுழித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். தப்பே இல்லாத படம் எப்போதாவது மேஜைக்கு வரும். அதிலும் ஒன்று கண்டுபிடித்துவிடுவேன். ஓய்வு பெற்ற அன்று பென்சிலைக் கொடுத்துவிட்டு வந்தேன், கண் கூடவே வந்துவிட்டது.

சித்திரை வீதியில் எங்கள் வீட்டிலிருந்து அந்தப் பள்ளிக்கூடம் ஆயிரத்து நூற்று நாற்பது காலடி. ஸ்ரீரங்கத்தின் சின்ன ஆரம்பப் பள்ளி. அங்கே படித்துவிட்டு வெளியூரில் நன்றாக இருக்கும் யாரோ ஒருவர் எட்டு டேப்லெட்டும் எட்டுப் பேனாவும் வாங்கிக் கொடுத்திருந்தார். அதை வைத்துத்தான் சனிக்கிழமை ஓவிய வகுப்பு. மூன்றாம் வகுப்பும் நான்காம் வகுப்புமாகப் பதினாறு பிள்ளைகள். அதில் ஒருத்தி என் பேத்தி அபி, அப்போது அவளுக்கு எட்டு வயது. அவளை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து மறுபடி போனால் மொத்தம் நான்காயிரத்து ஐந்நூற்று அறுபது காலடி ஆகும். அதனால் அங்கேயே உட்கார்ந்துவிடுவேன். மற்ற பெற்றோரை வாசலோடு அனுப்பிவிடும் டீச்சர் என்னை ஒன்றும் சொல்லவில்லை.

அவர் பாலக்கரையிலிருந்து பஸ்ஸில் வருவார். முப்பது வயது இருக்கும். தலையில் எப்போதும் இலைப்பச்சை முக்காடு. தோளில் ஒரு துணிப்பை, அதற்குள் பிரஷ்கள் நிற்கும் ஊறுகாய் பாட்டில் ஒன்று. எட்டுப் பேர் தாளில் வாட்டர் கலரோ கிரேயானோ போடுவார்கள், எட்டுப் பேர் டேப்லெட்டில் வரைவார்கள். நாற்பது நிமிடம் ஆனதும் இடம் மாறிக்கொள்வார்கள். தாள்காரர்களுக்கு ரப்பர் கிடையாது. டேப்லெட்டில், போட்ட கோட்டை ஒவ்வொன்றாகப் பின்வாங்கும் வளைந்த அம்பு ஒன்று மூலையில் இருக்கிறது. அதன் மேல் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டி மூடி வைத்திருந்தார். அவர் பொட்டு வைக்கிறவர் இல்லை. பிள்ளைகளில் யாரோ அம்மாவின் பொட்டு அட்டையைக் கொண்டுவந்து கொடுத்தது.

"கோடு தப்பாப் போயிடுச்சு மிஸ்" என்று யாராவது அழுதால், "போனா போகட்டும். எங்க போகுதுன்னு பாரு, கூடவே போ" என்பார்.

இது எனக்குக் கேட்கவே பிடிக்காது. இருபத்திரண்டு வருடம் கோடுகள் போகக் கூடாத இடத்துக்குப் போகாமல் காவல் காத்தவன் நான்.

மூன்றாவது வாரமோ நான்காவது வாரமோ, ஹரி என்ற பையன் ஒரு டவுன் பஸ் வரைந்தான். ஒரு பக்கத்திலேயே ஆறு சக்கரம். கடைசி பெஞ்சிலிருந்தே எண்ணிவிட்டேன். இதையாவது திருத்துவார் என்று எழுந்து நின்று பார்த்தேன். குனிந்தார். கை பின்னால்.

"இதுல என்ன நடக்குது ஹரி?"

"பஸ் போகுது மிஸ்."

"ஆறு சக்கரமா?"

"ஆமா மிஸ். சத்திரம் பஸ் ஸ்டாண்டுலயே எல்லாரும் ஏறிட்டாங்க. படியிலயும் தொங்கறாங்க. நாலு சக்கரம் தாங்குமா?"

"தாங்காதுதான். டிரைவருக்குத் தெரியுமா, பின்னால ரெண்டு சக்கரம் கூட இருக்குன்னு?"

அவன் யோசித்தான். பிறகு டிரைவர் ஜன்னலுக்கு வெளியே ஒரு நீளமான கண்ணாடியை வரைந்தான். நான் உட்கார்ந்துவிட்டேன். பாரம் கூடினால் அச்சும் சக்கரமும் கூட வேண்டும் என்பது எங்கள் பிரிவில் முதல் மாதத்தில் சொல்லிக்கொடுப்பது. பையன் சொன்னதில் தப்பில்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது.

வீட்டில் அபி முன்பெல்லாம் என் பக்கத்தில்தான் வரைவாள். யானை வேண்டும் என்றால் நான் காம்பஸ் வைத்து இரண்டு வட்டம் போட்டுக் கொடுப்பேன். அவள் வண்ணம் அடிப்பாள். இந்த வகுப்பு ஆரம்பித்த பிறகு காம்பஸ் டப்பியைத் திறக்கும் வேலையே இல்லாமல் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலையிலிருந்து மதியச் சாப்பாடு வரைக்கும், "மிஸ் சொன்னாங்க" என்று இருபத்து மூன்று தடவை சொன்னாள். அவ்வளவு நேரத்தில் "தாத்தா சொன்னாரு" ஒரு தடவைகூட இல்லை.

அன்றைக்கு அவள் மாடு வரைந்துகொண்டிருந்தாள். ஐந்து கால். என்னை அறியாமல் கை நீண்டது.

"தாத்தா, கையை எடு."

"அஞ்சு கால் இருக்கும்மா."

"அது வாலு."

"வால் எங்கேயாவது தரையில போய் முட்டுமா?"

"ஈ ஓட்டி ஓட்டி அதுக்கு டயர்டாயிடுச்சு. மிஸ்ஸா இருந்தா என்னன்னு கேட்டிருப்பாங்க. நீ கேக்கவே மாட்டேங்கிற. நேரா கை வைக்கிற."

அடுப்படியிலிருந்து என் மகள் எட்டிப் பார்த்தாள். "எட்டு வயசுப் பொண்ணோட போய் போட்டி போடறீங்களேப்பா."

"இவளோட இல்லை" என்றேன். யாரோடு என்று அவள் கேட்கவில்லை. தெரிந்திருக்கும்.

எனக்கும் ஒரு சந்தர்ப்பம் வந்தது. ஒரு சனிக்கிழமை காவிரிப் பாலத்தில் லாரி ஒன்று நின்றுபோய், டீச்சரின் பஸ் மாட்டிக்கொண்டது. ஆபீஸுக்கு போன் வந்தது. ஹெட்மாஸ்டர், "சார், கொஞ்ச நேரம் பாத்துக்கறீங்களா?" என்றார். ஐம்பத்திரண்டு நிமிடம் வகுப்பு என் கையில். டேப்லெட்டுகளை எடுக்கவே இல்லை. பதினாறு பேருக்கும் தாளும் ஸ்கேலும் கொடுத்து, கரும்பலகையில் அறுகோணத் தலை போல்ட் ஒன்றை வரைந்து காட்டினேன். முதலில் நடுக்கோடு, பிறகு தலை, பிறகு மரை. ஒரு பிள்ளையும் பேசவில்லை. யாருடைய கோடு கோணினாலும் போய்க் கையைப் பிடித்து நேராக்கினேன். டீச்சர் வேர்த்து விறுவிறுத்து உள்ளே வந்தபோது பதினாறு மேஜையில் பதினாறு போல்ட். ஒன்றை ஒன்றின் மேல் வைத்தால் பொருந்தும்.

அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். "ரொம்பச் சுத்தமா இருக்கு சார். என்னால இப்படி ஒண்ணுகூடப் போட முடியாது" என்றார். உண்மையாகத்தான் சொன்னார். எனக்கு உள்ளூர ஒரு நிமிடம் நன்றாக இருந்தது. பிறகு அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பிள்ளைகள் பக்கம் திரும்பினார்.

"சரி, உங்க போல்ட்டு எதைப் பிடிச்சுக்கிட்டு இருக்கு?"

அவ்வளவுதான். ஐம்பத்திரண்டு நிமிடம் கட்டி வைத்த அமைதி போயிற்று.

"எங்கப்பா பைக்கை மிஸ்!"

"பாலத்தை! லாரி போனா ஆடும்ல."

சமீரா என்ற சின்னப் பெண், "நிலாவை மிஸ். இல்லன்னா விழுந்துடும்" என்று சொல்லிவிட்டு, என் போல்ட்டின் ஒரு முனையில் நிலாவைப் போட்டுக் கறுப்பு கிரேயானால் வானத்தை அடிக்க ஆரம்பித்தாள். பதினாறு போல்ட்டும் பதினாறு திசையில் போயின. அபி தன்னுடையதை டீச்சரிடம்தான் முதலில் தூக்கிக் காட்டினாள். நான் இரண்டு அடி பக்கத்தில் நின்றிருந்தேன்.

ஹெட்மாஸ்டரிடம் போய், "அந்த அம்மா ஒண்ணுமே சொல்லிக்கொடுக்கறதில்லை. கேள்விதான் கேக்கறாங்க" என்று சொன்னேன். "சனிக்கிழமை ஒரு பிள்ளைகூட லீவு போடறதில்லை சார்" என்றார் அவர். அது எனக்குத் தெரியாதா? வருகையை எண்ணிக்கொண்டிருந்ததே நான்தான்.

எண்ணுகிற வேலையை டீச்சர்தான் கொடுத்தார். "சார், எனக்கு எண்ணிக்கை தங்கவே தங்காது. பேனா, பிரஷ், டேப்லெட் எல்லாம் முடிஞ்சதும் சரியா இருக்கான்னு நீங்க பாத்துக்குவீங்களா? அப்படியே சார்ஜும் போட்டுடுங்க" என்றார். அன்றிலிருந்து வகுப்பு முடிந்ததும் பிள்ளைகள் மைதானத்தில் ஓடிக்கொண்டிருக்க, நான் ஆபீஸ் அறையில் எட்டு டேப்லெட்டையும் சார்ஜில் போட்டுவிட்டு வருவேன். எண்ணிக்கை தங்காது என்று அவர் சொன்னது உண்மையாக இருக்காது என்று இப்போது தோன்றுகிறது.

ஏன் கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறீர்கள் என்று நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால் ஒரு காரணம் சொல்லியிருப்பார். அதுவும் நன்றாகத்தான் இருந்திருக்கும். அதனால் கேட்கவில்லை.

வருடக் கடைசியில் பிள்ளைகளின் படங்களை வைத்து ஒரு கண்காட்சி. அதற்கு முந்தின சனிக்கிழமை, சார்ஜ் போடும்போது அபியின் படத்தைத் திறந்து பார்த்தேன். ராஜகோபுரம். நிலைகளை எண்ணினேன். பதினேழு. மறுபடி மேலிருந்து எண்ணினேன். பதினேழுதான். ஸ்ரீரங்கத்தில் பிறந்த பிள்ளை, ஸ்ரீரங்கத்து ஜனங்கள் எதிரில், பதின்மூன்று நிலைக் கோபுரத்துக்குப் பதினேழு நிலை வைத்துக் காட்டப் போகிறது. ஒவ்வொரு நிலையின் வாசலிலும் ஒரு நிறப்புள்ளி, விளக்கு என்று எடுத்துக்கொண்டேன். கீழே ஓரத்தில் ஒரு விளக்குக் கம்பம், அதுவும் சாய்ந்து கிடந்தது.

பேத்தியைப் பார்த்து நாலு பேர் சிரிக்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான். இந்த வகுப்பிலிருந்து வெளியே போகும் ஒரு படத்திலாவது என் கை இருக்க வேண்டும் என்பது மீதி. பேனாவை எடுத்தேன். அழிக்கும் கருவியும் நேர்கோடு போடும் கருவியும் எங்கே இருக்கின்றன என்று, டீச்சர் பார்க்காதபோது பிள்ளைகள் தட்டுவதைப் பார்த்துத் தெரிந்துவைத்திருந்தேன். மேலே நான்கு நிலையை அழித்து, பதின்மூன்றாவதன் மேல் கலசங்களை வரிசையாக வைத்தேன். கம்பத்தை அழித்து நிமிர்த்திப் போட்டேன். வெளியே பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள். மொத்தம் ஒன்பது நிமிடம்.

கண்காட்சி ஞாயிறு காலை. தாளில் வரைந்ததெல்லாம் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கியது. டேப்லெட்டில் வரைந்ததைத் திரையில் காட்டப் போவதாகச் சொன்னார்கள். முப்பத்தெட்டு நாற்காலி, நான்கு காலி. டீச்சர் முன்னால் வந்து, "முடிஞ்ச படத்தை நீங்க எப்ப வேணா பாக்கலாம். அது எப்படி வந்துச்சுன்னு இப்பப் பாருங்க" என்றார்.

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. போட்ட கோடு ஒவ்வொன்றையும் அந்த டேப்லெட் ஞாபகம் வைத்திருக்கிறது. முதல் கோட்டிலிருந்து கடைசிக் கோடுவரை, சினிமா போல ஓட்டிக் காட்டுகிறது. முதலில் ஹரியின் பஸ் சக்கரம் சக்கரமாக வளர்ந்தது. எழுந்து போய்விடலாமா என்று யோசித்தேன். வரிசை நடுவில் உட்கார்ந்திருந்தேன், தாண்டிப் போக ஆறு ஜோடி முழங்கால்.

அபியின் படம் பதினொன்றாவது. கோபுரம் தரையிலிருந்து எழும்பியது. சனங்கள் தாமாகவே எண்ண ஆரம்பித்தார்கள்.

"பதினொண்ணு, பன்னெண்டு, பதிமூணு!" முன்வரிசையில் ஒருவர் கையைத் தூக்கினார். "போதும் பாப்பா, நிறுத்து!"

"பதினாலு!" சிரிப்பு. "பதினஞ்சு! இவ நிறுத்த மாட்டா போல இருக்கே."

பதினேழு வந்ததும் கைதட்டினார்கள். "அடுத்த கும்பாபிஷேகத்துக்கு இவளைக் கேட்டுத்தான் ஆரம்பிக்கணும்" என்றார் அதே மனிதர். ஒருவரும் ஏளனமாகச் சிரிக்கவில்லை. அபி முகத்தை மூடிக்கொண்டு விரல் இடுக்கால் பார்த்தாள்.

பிறகு கோபுரம் மேலிருந்து அழிய ஆரம்பித்தது.

"ஐயோ, இடிக்கிறாங்களே!" என்றான் ஒரு சின்னப் பையன்.

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு நிலை போயின. ஸ்கேல் வைத்த மாதிரிக் கோடுகள் வந்தன. கலசங்கள் ஒரே அளவில் வந்தன. கம்பம் மறைந்து நிமிர்ந்து நின்றது. அபி எழுந்துவிட்டாள். "இது நான் போடலை மிஸ்." பிறகு மெல்லத் திரும்பி மூன்றாவது வரிசையைப் பார்த்தாள். "இது தாத்தா கோடு."

முப்பத்து மூன்று தலை என் பக்கம் திரும்பின.

எல்லோரும் போன பிறகு, கொடியிலிருந்து தாள்களைக் கழற்றிக்கொண்டிருந்த டீச்சரிடம் போனேன்.

"நீங்க முன்னாடியே பாத்தீங்களா?"

"நேத்து சாயங்காலம் பாத்தேன் சார்."

"அப்ப நான் போட்டதை எடுத்திருக்கலாமே. இப்படிச் சபையில வெச்சு..."

"நான் யாரோட கோட்டையும் தொடறதில்லை சார். உங்க கோட்டையும்தான்."

"என்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

அவர் கிளிப்பைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். "சொல்லியிருக்கணும். கோபமா இருந்தேன். வருசம் பூரா ஒரு பிள்ளையோட தாளைத் தொடாம இருக்கறது எனக்கு மட்டும் லேசா சார்? கை துடிக்கும். நீங்க ஒரே நாள்ல தொட்டுட்டீங்க. அந்தக் கோபத்துல சொல்லாம விட்டேன். அபிகிட்ட நான் மன்னிப்புக் கேட்டுட்டேன். இப்ப உங்ககிட்டயும் கேக்கறேன்."

நான் கேட்க வேண்டியதை அவர் முதலில் கேட்டுவிட்டார். அதிலும் முந்திக்கொண்டார்.

வீட்டுக்கு ஆயிரத்து நூற்று நாற்பது காலடியும் அபி என் கையைப் பிடிக்கவில்லை. அதற்குப் பிறகு ஆறு நாள், நான் அறைக்குள் வந்தால் வரைந்துகொண்டிருந்த நோட்டைக் கவிழ்த்து வைத்துவிடுவாள். திட்டவில்லை, அழவில்லை. கவிழ்த்து வைத்துவிட்டு, நான் போகும்வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பதினான்கு தடவை கவிழ்த்தாள். இனி இவள் என் எதிரில் வரையவே மாட்டாள் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. சனிக்கிழமை காலை, "நீ வாசல்லயே விட்டுட்டுப் போயிடு தாத்தா" என்றாள்.

வாசலில் டீச்சர் நின்றிருந்தார். "சாரும் வரட்டும் அபி. ஒரு வேலை இருக்கு" என்றார்.

அந்த டேப்லெட்டை மேஜையில் வைத்தார். அபி அவரைப் பார்த்து, "மிஸ், நீங்களே பழையபடி பண்ணிக் குடுங்க" என்றாள்.

"நான் பண்ண மாட்டேனே."

"எனக்குக்கூடவா?"

"உனக்குக்கூடத்தான்."

"போங்க மிஸ்! எப்பப் பாத்தாலும் கையைக் கட்டிக்கிட்டு நிப்பீங்க!" என்று அபி காலை உதைத்தாள். இந்த வயதில் சொல்லக் கூடாது, அந்த ஒரு நிமிடம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

டீச்சர் குனிந்து, மூலையில் இருந்த ஸ்டிக்கர் பொட்டை நகத்தால் பிரித்து எடுத்தார். அடியில் அந்த வளைந்த அம்பு. "போட்டவங்கதான் எடுக்கணும் சார்" என்றார்.

நான் அம்பைத் தட்டினேன். ஒரு தட்டலுக்கு ஒரு கோடு போயிற்று. என் கம்பம் போயிற்று. கலசங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. எண்ணிக்கொண்டே தட்டினேன். பக்கத்தில் அபியும் வாய்க்குள் எண்ணுவது கேட்டது. ஐம்பதுக்கு மேல் நிலைகள் திரும்பி வர ஆரம்பித்தன. அறுபத்து நான்காவது தட்டலில் என்னுடையது ஒன்றும் மிச்சமில்லை. பதினேழு நிலை நின்றது.

"ஏம்மா பதினேழு?" என்று கேட்டேன். இந்தக் கேள்வியை நான் அவளிடம் கேட்டது அதுதான் முதல் தடவை.

அபி என்னை ஒரு கணம் பார்த்தாள். பிறகு இரண்டு விரலைத் திரையில் வைத்து விரித்தாள். படம் பெரிதாயிற்று. அப்படிச் செய்யலாம் என்றே எனக்குத் தெரியாது. முதல் நிலையின் வாசலிலிருந்த சிவப்புப்புள்ளி பெரிதாகி, பஸ்ஸைக் கையில் வைத்திருக்கும் ஹரியானது. அடுத்தது நிலாவோடு சமீரா. "இது நான்" என்றாள் ஒன்பதாவதில். பதினாறு நிலையில் பதினாறு பிள்ளைகள். நான் அழித்த நான்கு நிலையில் அவர்களில் மூன்று பேர் இருந்தார்கள். பதினேழாவதில், எல்லோருக்கும் மேலே, பச்சை முக்காடு.

"மிஸ்ஸுக்குக் கை எங்கே?"

"பின்னால இருக்கு தாத்தா."

எந்த நிலையிலும் நான் இல்லை. கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன். "நான்?"

அவள் படத்தைக் கீழே தள்ளிக்கொண்டே வந்தாள். தரைக்கு வந்து, ஓரத்தில் சாய்ந்து நின்ற விளக்குக் கம்பத்தின் மேல் விரல்களை விரித்தாள். கண்ணாடி போட்ட கிழவர் ஒருவர், முதுகு வளைந்து, ஒரு விரலை ஆகாயத்தில் நீட்டிக்கொண்டு நின்றார்.

"நீ எண்ணிக்கிட்டிருக்கே. அதைத்தான் அழிச்சிட்டே" என்றாள்.

கூன் கொஞ்சம் அதிகம் என்று பட்டது. விரலும் கைக்குச் சேராத நீளம். பேனா மேஜையில் என் பக்கத்திலேயே இருந்தது. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டேன். டீச்சர் அதைப் பார்த்தார்.

அடுத்த வருடம் அவர் கணவரோடு இருக்கத் துபாய் போய்விட்டார். அபி இப்போது ஏழாம் வகுப்பு. அவர் இன்னும் அவளுக்கு போனில் குரல் செய்தி அனுப்புகிறார், மாதத்துக்கு இரண்டு. படத்தை என் மகள் பெரிதாக அச்சடித்துக் கூடத்தில் மாட்டியிருக்கிறாள். தினம் காலையில் காபியோடு எண்ணுகிறேன். மேலிருந்து எண்ணினாலும் கீழிருந்து எண்ணினாலும் அவர் பதினேழாம் நிலையில்தான் நிற்கிறார், நான் தரையில்தான் நிற்கிறேன். அது எனக்கு இன்றைக்கும் பிடிக்கவில்லை. படத்தில் கை வைக்கவில்லை.